எக்ஸைட்டிங்னா என்னா

அந்த வார்த்தை தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தது ஒரு டீவிப் பெட்டி வழியாகத்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு, இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை அடித்துக்கொண்டு வந்த நேரம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் சந்தியில் இருந்த புஹாரி நானாவின் தேத்தண்ணிக் கடையில் மேல்கணக்கு ஆட்களும் கீழ்க்கணக்கு ஆட்களும் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு பிரிவுகள்தான் அவை, ஆனால் நல்ல நாளிலேயே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறவர்கள். மாடசாமிக் கங்காணியின் மகன் கிருஷ்ணராஜுக்கு ஆட்டத்தைவிட, அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரனின் குரல்தான் பிடித்துப்போனது. அவ்வளவு இங்கிலீஷில் அவன் கையில் அகப்பட்டது ஒரே ஒரு வார்த்தை. எக்ஸைட்டிங்.

அது போதாதா அவனுக்கு? மழை பெய்தால் எக்ஸைட்டிங். பருப்புக்கறியில் உப்புக் கூடினால் எக்ஸைட்டிங். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் புருஷன் பெண்டாட்டி மயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டால் வாசலில் நின்று கையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, "வெரி வெரி எக்ஸைட்டிங்" என்பான். சும்மா சொல்லக்கூடாது, குரல் மட்டும் வெண்கலம். தோட்டமே சிரித்தது, அதனால் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் தங்கை சிவசக்தி மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷ் பாஸான பெண். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. கம்பி வயிற்றைச் சுற்றி இறுகிவிட்டது. ஆம்பிளைகள் மண்வெட்டிப் பிடியாலும் அலவாங்காலும் அதை அடித்தார்கள். ஓர் அடியில் செத்துப்போகிற ஜீவன் இல்லை அது. அடிக்க அடிக்கக் கத்தியது, கத்தக் கத்த அடித்தார்கள். வரம்பில் நின்று கிருஷ்ணராஜ் ஒவ்வோர் அடிக்கும் ஓட்டம் எண்ணினான். வீட்டுக்கு வந்தபோது அவன் சட்டையில் இரத்தம் தெறித்திருந்தது.

"தங்கச்சி, எக்ஸைட்டிங்னா சரியான அர்த்தம் என்னா?"

"மனசு பரபரன்னு ஆவுறது. அடுத்து என்னா நடக்குமோன்னு நெஞ்சு அடிச்சிக்கிறது. ஆனா புடிச்சுப்போய் அடிச்சிக்கணும். பயத்துல அடிச்சிக்கிட்டா அந்த வார்த்தை வராது."

"அப்ப பன்னி அடிச்சத சொல்லலாம்ல?"

"அடிச்சவங்க சொல்லலாம். பாத்தவங்க சொல்லலாம்."

"பன்னி?"

"பன்னிக்கு வேற வார்த்தை, அண்ணே. போய் சட்டைய மாத்துங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பதிலையும் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தான். சொன்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணியில் சிவசக்திக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லோகநாதன், கீழ்க்கணக்கு. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. அதிகம் பேசாத மனுஷன். கோபம் வந்தால்கூடக் கத்தமாட்டான், மெல்லச் சிரிப்பான். கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் சிவசக்தி அந்தச் சிரிப்பைப் படித்துவிட்டாள். அவன் சிரிக்கிறபோது கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும், உதட்டைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

தலைத்தீபாவளிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் மேல்கணக்குக்கு வந்தார்கள். புது மாப்பிள்ளையை மச்சான்காரன் கேலி பண்ணுவது வழக்கம். வீட்டுக்குள் எதையும் சொல்லலாம். தோசையில் மிளகாயை மறைத்து வைக்கலாம், செருப்பை ஒளிக்கலாம், மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. அன்று காலை கிருஷ்ணராஜ் எல்லாம் செய்தான். லோகநாதனும் உண்மையாகவே சிரித்தான். மாமியார் இராக்கம்மா மருமகனுக்கு ஆட்டுக்கறியை அள்ளி அள்ளிப் போட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கு என்ன கேடு?

சாயங்காலம் தீபாவளிக் கிண்ணத்துக்கு மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் கிரிக்கெட் மெட்ச். மாமியார் வீட்டு விருந்தாளியாக வந்திருந்தாலும் லோகநாதன் கீழ்க்கணக்குக்குத்தான் ஆடினான். பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருந்த மைதானத்தில், பதுளையிலிருந்து ஹாஷிம் என்பவர் மைக் செட் கொண்டுவந்து போட்டிருந்தார். சவுக்கு மரத்தில் இரண்டு ஸ்பீக்கர் குழல். ஒன்று மேல்கணக்கு லயங்களைப் பார்த்தது, மற்றது கீழ்க்கணக்கைப் பார்த்தது. மேசைமேல் நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிருஷ்ணராஜ் ராஜா மாதிரி உட்கார்ந்தான். இரண்டு கணக்கிலும் கசிப்புச் சாராயம் ஓடியிருந்தது. விளையாடுகிறவன் வாயிலும் நாற்றம், பார்க்கிறவன் வாயிலும் நாற்றம்.

லோகநாதன் கிரிக்கெட் பெட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததும் தொடங்கினான் கிருஷ்ணராஜ். "இதோ வாறாரு நம்ம மாப்பிள்ளை. பெட்டு புடிக்கிறாரா, அகப்பை புடிக்கிறாரா, எனக்கே வெளங்கல." மேல்கணக்கு சிரித்தது. "காலையில எங்க வீட்டுல தோசைக்கல்லு தேஞ்சுபோச்சு. அந்தத் தோசையெல்லாம் இப்ப எங்க போவுதுன்னு பாப்போம். வெரி எக்ஸைட்டிங்." மறுபடியும் சிரிப்பு. அடுப்படியில் சொன்னால் அது கேலி. குழல் வழியாக இரண்டு கணக்குக்கும் கேட்கச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. அந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவில்லை. கீழ்க்கணக்கு ஆட்கள் சிரிப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரமாகிவிட்டது.

"எங்க அப்பா போட்ட மோதிரம் பாரமா இருக்கு போல, மாப்பிள்ளைக்கு ஓட முடியல," என்றான்.

பெண்கள் பக்கத்து மேட்டில் உட்கார்ந்திருந்த சிவசக்தி எழுந்து நின்றாள். மைதானத்தின் நடுவில் லோகநாதன் சிரித்துக்கொண்டிருந்தான். அத்தனை தூரத்திலிருந்தும் அவன் கழுத்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்குக் கையைக் காட்டி, போதும் போதும் என்று ஆட்டினாள். தங்கை கையாட்டுகிறாள் என்று அவனும் சந்தோஷமாகக் கையாட்டினான்.

கடைசி ஓவரில் சனியன் வந்தது. லோகநாதன் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி, கோட்டுக்குள் பெட்டை வைத்துவிட்டான், அதற்குப் பிறகுதான் பந்து விக்கெட்டில் பட்டது. அம்பயர் கந்தையா மேல்கணக்கு ஆள். விரலைத் தூக்கிவிட்டார். "அவுட். மாப்பிள்ளை நேரா மாமியார் வீட்டுக்கு நடைய கட்டலாம், அடுப்புல கறி கொதிக்குது," என்றது குழல். கீழ்க்கணக்குப் பையன் ஒருவன் விக்கெட் கட்டையைப் பிடுங்கி, கந்தையாவின் வாயில் அடித்தான். பல் தெறித்தது. அந்தப் பல் புல்லில் விழுவதற்குள் மைதானம் முழுக்க ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

இங்கேயாவது அந்த வாயை மூடியிருக்கலாம். மூடினானா? நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டான். "போடு ஒண்ணு. கீழ்க்கணக்கு எடதுபக்கமா வருது, நம்ம பால்ராஜ் தடுக்கிறான், தடுத்து மூக்குல ஒண்ணு, சிக்ஸர். எக்ஸைட்டிங், எக்ஸைட்டிங்." குரல் உடைந்து உச்சத்துக்குப் போனது. அதுவரை அடிபிடியில் சேராமல் ஓரத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், விசிலடித்தார்கள், பிறகு அவர்களும் இறங்கினார்கள். குழல் லயங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. வீட்டில் குடித்துவிட்டுப் படுத்திருந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் அடிவாங்குவதைப் பெயரோடு கேட்டு எழுந்தார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மேல்கணக்கில் அது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மாதம், ஒவ்வொரு வீட்டிலும் கத்தி தீட்டித்தான் இருந்தது.

முதல் கத்தி மேட்டில் தெரிந்ததும் லோகநாதன் பெட்டைக் கீழே போட்டான். நேராக மைக் மேசைக்கு ஓடினான்.

"நிப்பாட்டு மச்சான். கத்தி வருது. வெலக்கிவிடச் சொல்லு."

"இதோ மாப்பிள்ளை நம்மகிட்டயே வந்துட்டாரு, அழுவுறதுக்கு," என்றான் கிருஷ்ணராஜ் மைக்கில்.

லோகநாதன் மேசையை எட்டி உதைத்தான். நாற்காலியோடு ஆள் தலைகுப்புற வந்து விழுந்தான். கிருஷ்ணராஜின் உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. மைக் புல்லில் உருண்டு ஊளையிட்டது. மேல்கணக்கு திரும்பிப் பார்த்தது. தலைத்தீபாவளிக்குச் சோறு போட்ட வீட்டுப் பிள்ளையைக் கீழ்க்கணக்கான் அடித்துப் போட்டுவிட்டான் என்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை பேரும் லோகநாதன்மேல் பாய்ந்தார்கள்.

சிவசக்தி மேட்டிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆம்பிளைகளின் முதுகுகள் ஒரு வட்டமாக நின்றன. நடுவிலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. முதுகுகளைப் பிறாண்டினாள், சட்டைகளைப் பிடித்து இழுத்தாள். ஒருவன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் இடித்தான், போய் விழுந்தாள். விழுந்த இடத்தில் அந்தக் கால்களுக்கு இடையே தெரிந்தது. லோகநாதன் குப்புறக் கிடந்தான். தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தான், ஒரு கை வேறு பக்கமாக மடங்கியிருந்தது. கந்தல் மூட்டையை உதைப்பது போல உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தன. அவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது அவளுக்கு அடித்ததுபோல் அடிக்கவில்லை. அந்த முகங்கள்மேல் அவளுக்குக் காறித்துப்ப வந்தது.

மைக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர விட்டுருங்க. ஒங்கள கும்புடுறேன், விட்டுருங்க."

அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஒருவனும் நிறுத்தவில்லை. பெண் அழுகிற குரல் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போது மேட்டுப் பக்கமிருந்து சுந்தரம் கவ்வாத்துக் கத்தியோடு வட்டத்துக்குள் நுழைவதைக் கண்டாள். அவனுடைய பிள்ளையைக் காலையில்தான் தூக்கி முத்தம் கொடுத்திருந்தாள்.

"சுந்தரம் அண்ணே. கைல கத்தி. சுந்தரம் அண்ணே கத்திய ஓங்குறாரு."

சுந்தரம் நின்றுவிட்டான். ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, சவுக்கு மரத்தைப் பார்த்தான். அவன் பெயர் மேல்கணக்குக்குப் போய், அவன் தாய்க்கும் பெண்டாட்டிக்கும் கேட்டு, எதிர்மலையில் பட்டுத் திரும்பவும் வந்தது. கூட்டத்துக்குள் இருந்தவரை அவன் சுந்தரமாக இல்லை. இப்போது ஆகிவிட்டான். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

சிவசக்திக்குப் பிடி கிடைத்துவிட்டது. அழுகையை விழுங்கினாள். அண்ணன் சொல்லுவது போலவே, நிறுத்தாமல், பார்க்கிறதைப் பார்க்கிறபடி சொன்னாள். "பால்ராஜ் கல்லு தூக்குறான். கந்தையா மாமா, வாயெல்லாம் ரத்தம், காலால ஒதைக்கிறாரு. முனியாண்டி மகன் பெல்ட்ட கழட்டிட்டான்." பெயர் விழ விழக் கை தாழ்ந்தது. பால்ராஜ் கல்லைக் கீழே வைத்தான், போடக்கூட இல்லை, வைத்தான். பிள்ளைக்காம்பராவில் இருந்தவளுக்குத் தெரியாத குடும்பம் ஏது? அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வட்டம் பிளந்தது.

நடுவில் ஒருவன் மட்டும் பாக்கி. முதுகைக் காட்டிக்கொண்டு, விக்கெட் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, கிடந்தவன்மேல் இறக்கிக்கொண்டிருந்தான். அவள் அண்ணன்.

"அண்ணே," என்றாள் மைக்கில். "அண்ணே, போதும்ணே."

கட்டை மறுபடி இறங்கியது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குமேல் அவளுக்கு அண்ணன்தான். அண்ணே என்றால் யாருக்கு உறைக்கும்? கூடப்பிறந்த மூத்தவனின் பெயரை அவள் பிறந்ததிலிருந்து வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரையும் சொன்னதில்லை, பெண்கள் சொல்லுவதில்லை. இரண்டு பெயரையும் சொல்ல வாயைத் திறந்தாள்.

யாரோ பின்னாலிருந்து அவள் வாயைப் பொத்தினார்கள். கை முழுக்க மஞ்சளும் கறிமசாலாவும் மணத்தன. லயத்திலிருந்து ஓடிவந்த இராக்கம்மா.

"அவன் பேரச் சொல்லாதடி. தொர பங்களாவரைக்கும் கேக்குது. பொலிஸ் வரும். அவன் பேர மட்டும் சொல்லாத, தாயீ."

சிவசக்தி அம்மாவின் கையைக் கடித்தாள். கடித்த கடியில் இராக்கம்மா அலறிக்கொண்டு கையை இழுத்தாள்.

"மாடசாமி மகன் கிருஷ்ணராஜ், லோகநாதன கொல்லுறான். கிருஷ்ணராஜ், லோகநாதன கொல்லுறான்."

கட்டை அந்தரத்தில் நின்றது. கிருஷ்ணராஜ் திரும்பினான். முகத்தில் இரத்தமும் வியர்வையும் ஒன்றாக வடிந்தன. தங்கையைப் பார்த்தான். அவள் கையில் இருந்த மைக்கைப் பார்த்தான். காலடியில் கிடக்கிறவனைக் குனிந்து பார்த்தான். யார் என்று நன்றாகத் தெரிந்துதான் பார்த்தான். அவன் கண் இரண்டும் புஹாரி நானாவின் கடையில் டீவியைப் பார்த்த அன்றுபோல் ஜொலித்தன. பிறகு கட்டையின் கூர்முனையைக் கீழே திருப்பி, லோகநாதனின் முகத்தில் ஒரே குத்துக் குத்தினான்.

அதற்குப் பிறகுதான் மைக் செட்டுக்காரர் ஹாஷிமும் சுந்தரமும் அவனைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். சுந்தரம் அழுதுகொண்டே இழுத்தான்.

லோகநாதனைக் கொழுந்து லொறியில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க சிவசக்தி புருஷனின் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் குத்துப்பட்ட கண்ணில் அமுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கனகசபை, யாழ்ப்பாணத்து மனுஷர், அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"உயிருக்குப் பயமில்லை, பிள்ளை. கையும் விலாவும் பொருந்திவிடும். இடது கண்ணை எடுத்துப்போட்டம். காப்பாத்த வழியில்லை."

பொலிஸ் கிருஷ்ணராஜைப் பிடித்து அடைத்தது. தோட்டத்தில் விசாரித்தபோது ஒரு வாய் திறக்கவில்லை. குழல் கரகரத்தது, ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள் மேல்கணக்கில். இருட்டுகிற நேரம் என்றார்கள் கீழ்க்கணக்கில், அவர்கள் பக்கத்திலும் கத்தி இருந்ததே. யார் அடித்தது என்பதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளும், புருஷன் கண்விழிக்கட்டும், பிறகு சொல்லுகிறேன் என்று பொலிஸ்காரரிடம் சொல்லியிருந்தாள்.

லோகநாதன் பேசத் தொடங்கிய அன்று இராக்கம்மா வந்தாள். கையில் துணிக்கட்டு போட்டிருந்தாள், மகள் கடித்த கை. வார்டு வாசலிலேயே மகள் காலில் விழப் பார்த்தாள், சிவசக்தி தூக்கி நிறுத்தினாள்.

"கண்ணுமண்ணு தெரியாம அடிச்சிட்டான்டி. கூடப்பொறந்தவன். நீ ஒருத்தி தெரியலன்னு சொன்னா விட்டுருவாங்க."

சிவசக்தி உள்ளே போனாள். இராக்கம்மா பின்னாலேயே வந்து கட்டில் கால்மாட்டில் நின்றாள். லோகநாதனின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. மிச்சமிருந்த கண்ணால் மாமியாரைப் பார்த்து, எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுங்க மாப்பிள்ளை. என்னமோ நம்ம கெட்ட நேரம்," என்றாள் இராக்கம்மா. "அந்தக் கூட்டத்துல யாரு அடிச்சான்னு யாரு கண்டா."

லோகநாதன் அந்த ஒரு கண்ணைப் பெண்டாட்டி பக்கம் திருப்பினான். பேச்சு மெல்ல வந்தது.

"நீ மைக்குல இருந்தியாமே. எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. இந்தக் கண்ண யாரு குத்துனா, பாத்தியா?"

இராக்கம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். சிவசக்தி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"பாத்தேன். எங்க அண்ணன்."

"மச்சானா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "கூட்டத்துல ஆளு தெரியாம குத்தியிருப்பாரு."

"தெரிஞ்சுதான். நான் ரெண்டு பேரு பேரையும் சொன்னேன். திரும்பி என்னைய பாத்தாரு. ஒங்களையும் பாத்தாரு. பாத்துட்டுத்தான் குத்துனாரு."

இராக்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். அவள் போன சத்தம் அடங்கியதும் லோகநாதன் சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டான்.

"நான் அவருக்கு என்னா செஞ்சேன்? ஏன் குத்துனாரு?"

சிவசக்தி போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் செய்யல," என்றாள். "அந்த நேரம் அவருக்கு அது நல்லா இருந்துச்சு."